இன்னொரு போகம்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் எம் முன்னோர் பெயரிட்டு வழங்கினர். நாம் பிறந்தது படுவான்கரையிலுள்ள கொக்கட்டிச்சோலையில். மணம் முடித்துக் குடியிருப்பதும், கல்லூரியிற் கணிதம் கற்பிப்பதும் எழுவான்கரையில். எமது பகுதி வழக்கப்படி வீடும் வளவும் பெண்மக்களுக்கே உரியன. ஆதலால், நாம் பிறந்த வீட்டில் இன்றும் விளக்கேற்றுபவர் எம் தமக்கையார். அவ்வீட்டுக்கு மருமகனாக வந்து முப்பதாண்டுக்கு மேலாக எம் குடும்ப வயலைப் பார்த்து வந்தவர் அத்தான். முன்பு மண்முனைத் துறையிற் 'பாதை' எனும் மிதவைக்குக் காத்து நின்றே அக்கரை செல்வோம். 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்பட்ட பின்னர் அப்பயணம் சில நிமிடங்களுக்குள் அடங்கிவிட்டது.

2023ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குச் சென்றபோது, அத்தானுடைய கண்களிலே மஞ்சள் படர்ந்திருக்கக் கண்டோம். "காமாலைதான், கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடிக்கிறார்" என்றார் அக்கா. நோவு இல்லை, காய்ச்சல் இல்லை. வழக்கம்போல வயலுக்கும் போய் வந்தார். நாமும், "நல்லது, பத்தியமாக இருங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தோம். இவ்வாறு மூன்று கிழமைகள் கழிந்தன. அம்மூன்று கிழமைகளுக்கும் ஊரையோ வைத்தியரையோ நாம் குறை கூற மாட்டோம். படித்தவர் என்று பெயர் பெற்ற நாமும் அவற்றுக்குப் பொறுப்பாளியே. உடம்பிற் சொறிவும், கறுத்த தேயிலைச் சாயம்போன்ற சிறுநீரும், வெளுத்த மலமும் தோன்றிய பின்னரே வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றோம்.

ஈரல் சுரக்கும் பித்தநீர், பித்தக் கான் எனப்படும் மெல்லிய குழாய் வழியே சிறுகுடலை அடைந்து, கொழுப்பைச் செரிக்க உதவுகின்றது. குழாய் அடைபட்டாற் பித்தநீர் குடலைச் சேராது. அதன் நிறப்பொருள் குருதியிற் கலந்துவிடும். அதனாலேயே கண் மஞ்சளாகின்றது, சிறுநீர் கறுக்கின்றது, மலம் வெளுக்கின்றது. அடைப்பது கல்லாயின் பெரும்பாலும் நோவு இருக்கும். நோவு இல்லாமலே மஞ்சள் நாளுக்கு நாள் முற்றி வருமாயின் அது அஞ்சத்தக்கது. இதனை அன்று நாம் அறிந்திருக்கவில்லை.

ஸ்கான் பரிசோதனையில், ஈரலின் வாயிலில் இடக் கானும் வலக் கானும் கூடும் இடத்தில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. அவ்விடத்தில் தோன்றும் புற்றுநோயை, 1965ஆம் ஆண்டு பதின்மூன்று நோயாளரை ஆராய்ந்து எழுதிய ஜெரல்ட் கிளாற்ஸ்கின் என்ற அமெரிக்க வைத்தியரின் பெயரால் இன்றும் கிளாற்ஸ்கின் கட்டி என அழைக்கின்றனர். அத்தானை இரவுப் புகையிரதத்திற் கொழும்புக்குக் கொண்டு சென்றோம். முதலிற் சிறு குழாய் செலுத்தித் தேங்கிய பித்தநீரை வடித்தனர். மஞ்சள் இறங்கிய பின், ஆவணி மாதத்தில், கட்டியிருந்த கானையும் ஈரலின் இடப் பாகத்தையும் வெட்டி அகற்றி, எஞ்சிய கானைக் குடலோடு பொருத்தினர். சத்திரசிகிச்சை ஏழு மணித்தியாலம் நீடித்தது.

அத்தானுக்கு நாம் சொன்னது வேறு. "குழாயிலே கல் அடைத்துவிட்டது, எடுத்தாயிற்று" என்றோம். அக்காவும் மூத்த மகளும் அழுது கேட்டுக்கொண்டதற்கு இணங்கியே அவ்வாறு சொன்னோம். பெரிய நோயின் பெயரை நோயாளியிடம் சொல்லலாகாது என்பது எமது குடும்பங்களில் எழுதாச் சட்டமன்றோ!

மூன்று கிழமைக்குப் பின் இழையப் பரிசோதனை அறிக்கை எம் கைக்கு வந்தது. கணிதம் படித்தவன், ஆங்கிலம் தெரிந்தவன் என்பதால் அதனை வாசித்து விளக்கும் பொறுப்பு எம்மேல் வீழ்ந்தது. குடும்பத்தார் கேட்ட வினா ஒன்றே: "திரும்ப வருமா? வருமானால் எப்போது?"

அன்றிரவு அவ்வறிக்கையை மேசைமேல் விரித்து வைத்து நெடுநேரம் இருந்தோம். இந்நோயில், வெட்டி எடுத்த பின்னரும் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது மீண்டும் தோன்றுகின்றது என்பதை அதற்குள் கற்றிருந்தோம். அவ்வாறு மீள்வதிலும் இரு வகை உண்டு. சத்திரசிகிச்சையின் பின் சில மாதங்களிலேயே மீள்வது ஒன்று. ஆண்டுகள் கழித்து மீள்வது மற்றொன்று. ஆய்வாளர் பலர் ஓராண்டை எல்லையாகக் கொள்வர்; ஈரலின் உள்ளே தோன்றும் வகைக்கு ஈராண்டைக் கொள்வாரும் உளர். விரைந்து மீளும் நோய் பெரும்பாலும் புதிதாகப் பிறந்ததன்று. கத்தி படுமுன்னரே தாயிடத்தை விட்டு வெளியேறி, எந்த ஸ்கானிலும் அகப்படாத நுண்ணிய கலங்களாகத் தங்கியிருந்ததே பின்னர் தலைகாட்டுகின்றது. ஆகவே, விரைவில் மீளுமா என்று வினவுவது, 'அன்றைக்கே எதுவும் எஞ்சியிருந்ததா?' என்று வினவுவதற்கு ஒப்பாகும்.

அதற்கு விடை தரும் குறிகள் சில உள. அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களை நோய் எட்டியிருந்ததா? வெட்டிய விளிம்பிலே நோய்க்கலம் நின்றதா? நரம்பின் உறையையும் குருதிக் கலன்களையும் அது ஊடுருவியிருந்ததா? நுணுக்குக்காட்டியிற் பார்க்கும்போது நோய்க்கலம் தன் பழைய உருவை எவ்வளவுக்கு இழந்துள்ளது? இவற்றோடு, சி.ஏ. 19-9 எனும் குருதிப் பொருளின் அளவும் கவனிக்கப்படும். அவ்வளவு மிகுந்திருப்பதும், சத்திரசிகிச்சைக்குப் பின்னும் தணியாதிருப்பதும் நற்குறிகள் அல்ல. எனினும் காமாலை ஒன்றினாலேயே அது ஏறக்கூடும். ஆதலாற் பித்தம் வடிந்த பின் அளப்பதே முறை. மேலும், பிறவியிலேயே அப்பொருளைச் சுரக்காத மக்களும் சிலர் உளர்; அவர்களிடம் அது பேசாது.

அத்தானின் அறிக்கையில் விளிம்பு தூயதாக இருந்தது. அது நல்ல செய்தி. ஆனால், கணுக்களில் இரண்டை நோய் எட்டியிருந்தது. நரம்புறையிலும் அதன் தடம் இருந்தது.

இத்தகைய குறிகளுக்கு மதிப்பெண் இட்டு, அவற்றைக் கூட்டி, ஓராண்டுக்குள் நோய் மீளும் நிகழ்தகவைக் கூறும் கணிப்பு முறைகளைச் சீனா, கொரியா, யப்பான் முதலிய நாடுகளிலும் மேனாடுகளிலும் உள்ள ஆய்வாளர் அமைத்துள்ளனர். அவற்றுள் இரண்டைக் கொண்டு கணக்கிட்டோம். ஒன்று பாதிக்குச் சற்று மேலே நின்றது; மற்றது பாதிக்குச் சற்றுக் கீழே நின்றது. கரும்பலகையில் எத்தனையோ ஆயிரம் நிகழ்தகவுக் கணக்குகளைச் செய்து காட்டிய எமக்கு, அன்றைக்குப் பென்சில் பிடித்த கை நடுங்கிற்று.

நடுக்கம் தீர்ந்த பின், கணித ஆசிரியன் என்ற முறையில் அவ்வெண்ணையே விசாரணை செய்யத் தொடங்கினோம். ஒரு கணிப்பு முறை எவ்வளவு நல்லது என அறிய ஒரு சோதனை உண்டு. நோய் வெவ்வேறு காலத்தில் மீண்ட இருவரை எடுத்துக்கொள்க. யாருக்கு முந்தி மீண்டது என்பதை அக்கணிப்பு சரியாகச் சொல்கின்றதா எனப் பார்க்க. இவ்வாறு எல்லா இணைகளையும் பார்த்தால், நாணயத்தைச் சுண்டிச் சொல்பவனும் பாதி இணைகளிற் சரியாகச் சொல்லிவிடுவான். முற்றறிந்த ஞானி எல்லாவற்றிலும் சரியாகச் சொல்வான். இன்றுள்ள கணிப்பு முறைகள் நாணயத்துக்கும் ஞானிக்கும் இடையில் நிற்பன. நாணயத்தினும் தெளிவாக மேலானவை, ஞானிக்கு வெகு கீழானவை.

இன்னொன்றும் உண்டு. ஒரு நாட்டு நோயாளரை வைத்து அமைத்த அளவுகோல் வேறொரு நாட்டாருக்கு அப்படியே பொருந்தும் என்பதற்கு உறுதி இல்லை. தாய்லாந்தின் வடகிழக்கில், கொன்கென் முதலிய இடங்களில், நன்னீர் மீனைப் பச்சையாக உண்ணும் வழக்கம் இருந்து வருகின்றது. அம்மீன் வழியே உடலிற் புகும் ஈரற் புழுவினால் அங்கு இந்நோய் மிகுதியாகக் காணப்படுகின்றது. அப்புழுவைப் புற்றுநோய்க் காரணி என அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1994ஆம் ஆண்டு வகைப்படுத்தியது. எமது வாவிக்கரையிலோ மீனை ஆணமாக்கியும் பொரித்துமே உண்கிறோம். நோயின் பெயர் ஒன்றாயினும், அது வந்த வழி ஒன்றன்று. ஆகவே, அயலார் எண்ணை எம் வீட்டுக்குள் கொண்டுவருமுன் வாயிலில் நிறுத்தி விசாரிப்பதே அறிவுடைமை.

ஸ்டீபன் ஜே கூல்ட் என்னும் அமெரிக்க அறிஞரின் வரலாறும் அப்போது எம் நினைவுக்கு வந்தது. 1982ஆம் ஆண்டு அவருக்கு வேறொரு அரிய புற்றுநோய் கண்டது. அதற்கு ஆயுளின் இடையம் எட்டு மாதம் என்று நூல்கள் கூறின. இடையம் என்பது பாதிப் பேர் கடக்கும் எல்லை. அதற்கு அப்பாலும் மறுபாதி உண்டு, அந்த வால் நெடுந்தூரம் நீளவும் கூடும் என்று அவர் உணர்ந்தார். இருபதாண்டு வாழ்ந்து, 2002ஆம் ஆண்டு வேறொரு நோயினால் இறந்தார். எல்லோரும் அவர்போல் வாழ்வர் என்பதன்று இதன் பொருள். எண் கூட்டத்தைப் பற்றிச் சொல்கின்றது. கூட்டத்தில் எம் அத்தான் நிற்கும் இடத்தை அது சொல்வதில்லை.

இவற்றையெல்லாம் அக்காவிடம் கூறியபோது அவர் எம்மைக் கூர்ந்து பார்த்தார். "கல் நந்தி புல்லுத் தின்ற கோயிலடியில இருந்துகொண்டு நீ கணக்குப் பாக்கிறியா, தம்பி?" என்றார். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் ஆலயத்தை இடிக்க வந்த பறங்கியர் முன்னே கல்நந்தி எழுந்து புல் தின்றது என்பது எம் ஊர் வழக்கு. அக்காவின் நம்பிக்கையை நாம் மறுக்கவில்லை. நாமும் அச்சந்நிதியில் நின்று கண்ணீர் விட்டவரே. "ஈசன் அருளுக்குக் கணக்கு இல்லை, அக்கா. ஆனால் அடுத்த ஸ்கான் எப்போது எடுப்பது, மருந்து குடிப்பதா விடுவதா என்பதற்குக் கணக்கு வேண்டும்" என்றோம். "அவருக்கு மட்டும் சொல்லிப்போடாதே" என்று கையைப் பிடித்துக் கொண்டார்.

ஆனால் சொல்லும் வேளை தானாகவே வந்தது. புரட்டாதி மாதத்தின் ஒரு மாலைப் பொழுது. அத்தான் ஊன்றுகோலுடன் வயல்வரை நடந்தார். துணைக்கு நாமும் சென்றோம். வட்டையெங்கும் மாரி வேளாண்மைக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. வரம்பில் உட்கார்ந்தவர், வாவிப் பக்கம் பார்த்தபடி கேட்டார்:

"மச்சான், கல்லுக்கு ஆராவது ஈரலைப் பாதி வெட்டுவாங்களா?"

நாம் வாய் திறக்கவில்லை.

"நீ கணக்குப் படிச்சவன். ஒளிக்காமச் சொல்லு. நான் இன்னொரு போகம் காணுவனா?"

வகுப்பிலே எத்தனை வினாக்களுக்கு விடை சொல்லியிருக்கிறோம்! அவ்வினாவுக்குப் பொய் சொல்ல எமக்கு மனம் வரவில்லை. நோயின் பெயரைச் சொன்னோம். வெட்டிய விளிம்பு தூயது என்பதையும், கணுக்களில் அது இருந்ததையும் சொன்னோம். ஓராண்டுக்குள் மீளவும் கூடும், மீளாமற் போகவும் கூடும்; இரண்டும் ஏறக்குறையச் சமன் என்றோம்.

அவர் சிறிது நேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். ஒரு கோரையைப் பிடுங்கி, அதன் அடியில் தொங்கிய சிறு கிழங்கைக் காட்டினார். "இதப்போலதான். மேல உழுதாப் போயிற்று எண்டு நினைப்பம். வரம்போரம் துப்புரவா இருந்தாலும், வாய்க்காலுக்க போன கிழங்கு ஒண்டு ரெண்டு இருந்தா, மழைக்குத் திரும்ப முளைக்கும். எங்க முளைக்கும் எண்டு எனக்குத் தெரியாது. எந்த வயல்ல முளைக்கும் எண்டு தெரியும். அந்த வயலை அடிக்கடி போய்ப் பாப்பன்."

விளிம்பையும் கணுவையும், மருந்தையும் கண்காணிப்பையும் பற்றி நாம் இரவிரவாகப் படித்ததை, அவர் ஒரு கோரைக் கிழங்கைக் கொண்டு சொல்லி முடித்துவிட்டார். முன்கணிப்பு சோதிடமன்று, எந்த வயலை அடிக்கடி போய்ப் பார்க்கவேண்டும் என்று காட்டும் குறிப்பு என்பதை நாம் விளங்கிக்கொண்டது அன்றைக்குத்தான்.

அதன்பின் வீட்டில் ஒளிவு மறைவு இல்லை. அக்கா இரண்டு நாள் எம்முடன் பேசவில்லை. மூன்றாம் நாள், "இப்பதான் அவர் ராவில நித்திரை கொள்றார்" என்றார். நோயாளி அறிந்திருந்ததால் மருந்தைப் பற்றி அவருடனேயே வைத்தியர் பேசக்கூடியதாயிற்று. பித்தக் கான், பித்தப்பைப் புற்றுநோய்களுக்குச் சத்திரசிகிச்சை பெற்ற 447 பேரைக்கொண்டு ஐக்கிய இராச்சியத்தில் நடந்த ஆய்வொன்று 2019ஆம் ஆண்டு வெளியாயிற்று. ஒரு பகுதியினருக்கு ஆறு மாத காலம் கபெசிற்றபின் எனும் மாத்திரை கொடுக்கப்பட்டது. மறு பகுதியினர் கண்காணிக்கப்பட்டனர். நோயின்றி வாழ்ந்த காலத்தின் இடையம் மாத்திரை பெற்றோரிடம் 24.4 மாதமாகவும், மற்றோரிடம் 17.5 மாதமாகவும் இருந்தது. மொத்த ஆயுளைப் பொறுத்தவரை, எல்லோரையும் சேர்த்து எண்ணும்போது வேறுபாடு ஐயமற நிறுவப்படவில்லை. விதிப்படி சிகிச்சை பெற்றவர்களை மாத்திரம் எண்ணும்போது பயன் தெரிந்தது. இதனை அவ்வாறே அத்தானுக்கு எடுத்துரைத்தோம். "ஏழு மாதம் எண்டா ஒரு போகத்துக்கு மேல. குடிப்பம்" என்றார்.

உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரிந்தபோதும், அளவைக் குறைத்துக்கொண்டு ஆறு மாதமும் குடித்து முடித்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குருதிப் பரிசோதனையும், குறித்த காலத்தில் ஸ்கானும் நடந்தன. இளைய மகளுக்கென அரைகுறையாய் நின்ற வீட்டைக் கட்டி முடித்தார். காணி உறுதியை அவள் பெயருக்கு எழுதினார். 'பிறகு பார்ப்போம்' என்று பத்தாண்டாகத் தள்ளி வைத்த கருமங்கள் அவை. ஐப்பசியில் வயலும் விதைத்தார்.

2024ஆம் ஆண்டு மாசியில் வெட்டிய நெல்லைக் களவெட்டியில் நின்று அளந்தார். ஆவணியில் ஓராண்டு நிறைந்தது. கணிப்பு வகுத்த எல்லையைத் தாண்டிவிட்டோம் என்று நாம் மகிழ்ந்தோம். அவர் சிரித்துவிட்டு மறுபடியும் விதைநெல்லை வெயிலிற் காயவிட்டார். 2025 மாசியில் இரண்டாம் அறுவடையும் வீடு வந்தது. அடுத்த மாதம், பத்தொன்பதாவது மாதத்தில், ஈரலில் நோய் மீண்டிருப்பதை ஸ்கான் காட்டியது. முறைப்படி கண்காணித்ததால், காமாலை வருமுன்னரே அது தெரிந்தது. ஊசிமருந்துச் சிகிச்சை சில மாதங்களைத் தந்தது. ஐப்பசியில், வட்டையெங்கும் விதைப்பு நடந்துகொண்டிருந்த வேளையில், தம் வீட்டிலேயே, அக்காவின் மடியருகே கண்மூடினார்.

கணிப்பு பலித்ததா, பொய்த்ததா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இரண்டும் அன்று. ஓராண்டுக்குள் வராது என அது சொல்லவும் இல்லை; வரும் என அறுதியிடவும் இல்லை. அத்தான் கேட்டது ஒரு போகம், கண்டது இரண்டு. அவற்றை நோய் அறியாதவராக அன்றி, அறிந்தவராகவே கண்டார். அன்று வரம்பில் நாம், 'கல்லுத்தான், அத்தான்' என்று சொல்லியிருந்தால், நெல் எவ்வாறும் விளைந்திருக்கும். வீடும் உறுதியும் அவ்வாறே கிடந்திருக்கும்.

இதனை வாசிக்கும் அன்பர்களுக்கு எமது வேண்டுகோள் இரண்டே. கண் மஞ்சளானால், நோவு இல்லை என்று ஆறுதல் கொள்ளாது அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். எம்மைப்போல் மூன்று கிழமை இழக்கவேண்டாம். நோயாளி தம்மைப் பற்றி வினவினால், அவர் தாங்கும் அளவில் உண்மையைச் சொல்லுங்கள். மாணவர்களே, நிகழ்தகவுப் பாடம் பரீட்சைக்கு மாத்திரம் உரியதென்று எண்ணற்க. ஒருநாள் உங்கள் வீட்டு மேசைமேலும் அது வந்து அமரக்கூடும். அப்போது விடையைப் பிழையின்றிக் காண்பதோடு, அதனை ஒரு மனிதரின் முகம் பார்த்துச் சொல்லவும் வேண்டியிருக்கும்.

இவ்வாண்டும் வயல் விதைக்கப்பட்டது. வரம்பிலே நின்று கோரை பிடுங்கிக்கொண்டிருந்தவள் இளைய மகள்.